இயந்திரத்திடம் பொய் சொல்லலாமா?

மனிதனிடம் பொய் சொல்லக் கூடாது என்பதில் உலகத்தில் யாருக்கும் கருத்து வேற்றுமை கிடையாது. நாள்தோறும் பொய் சொல்கிறவர்களுக்குக்கூடக் கிடையாது. விலக்குகளைப் பற்றித்தான் சர்ச்சை. நோயாளியிடம் சொல்லலாமா, குழந்தையிடம் சொல்லலாமா, கத்தியோடு வந்து வழி கேட்பவனிடம் சொல்லலாமா என்றெல்லாம் பெரியவர்கள் வாதாடியிருக்கிறார்கள். அரிச்சந்திரன் ஒரு விலக்கையும் ஒப்புக்கொள்ளவில்லை. வள்ளுவர் ஒன்றே ஒன்றை ஒப்புக்கொண்டார்: குற்றம் சிறிதும் கலவாத நன்மையைத் தருமானால் அந்தப் பொய்யையும் உண்மைக்குப் பக்கத்தில் உட்கார வைக்கலாம் என்றார். மிருகத்திடம் சொல்லும் பொய்யை நாம் பொய்க் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. கன்று செத்துப்போனால் அதன் தோலில் வைக்கோலைத் திணித்துத் தாய்ப்பசுவின் முன்னால் நிறுத்துகிறோம். பசு அதை நக்குகிறது; மடி சுரக்கிறது; பால் கறந்துகொள்கிறோம். கறக்கிறவருக்கு மனசு சங்கடப்பட்டால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

சரி, இயந்திரத்திடம் சொல்லும் பொய்?

கேள்வியே அசட்டுத்தனமாகப் படலாம். பசுவுக்காவது கண் இருக்கிறது, தாய்மை இருக்கிறது. இரும்புக்கும் அலுமினியத்துக்கும் என்ன இருக்கிறது? ஆனால் கும்மிடிப்பூண்டிக்கும் கவரைப்பேட்டைக்கும் நடுவே, நெடுஞ்சாலை ஓரத்துப் பட்டறை ஒன்றில், இரண்டு பேர் இதைப் பற்றி ஒரு மணி நேரம் வாதாடியதை நான் கேட்டேன். அவர்களில் ஒருவருக்காவது அது அசட்டுக் கேள்வியாகப் படவில்லை. அந்த வாதத்தைச் சொல்வதற்கு முன் வாதத்துக்குக் காரணமான பொருளைச் சொல்லிவிட வேண்டும். நாவல் எழுதுகிறவனுக்கும் மோட்டார் எஞ்சினுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கும் வாசகர்கள் இரண்டு பக்கம் பொறுத்துக்கொள்ளும்படி வேண்டுகிறேன்.

கொல்லன் உலையில் துருத்தி என்று ஒன்று உண்டு. நெருப்புக்கு விறகும் கரியும் மட்டும் போதாது; காற்று வேண்டும். தானாக வரும் காற்று சோறு சமைக்கப் போதும். இரும்பைப் பழுக்கவைக்க ஊதித்தான் ஆக வேண்டும். அமெரிக்காவில் இந்தியானா மாநிலத்தில் ரூட்ஸ் என்ற சகோதரர்கள் இருவர் 1860இல் ஓர் ஊதுகருவிக்குக் காப்புரிமை வாங்கினார்கள். இரண்டு இரும்பு உருளைகள் ஒன்றோடொன்று கைகோத்தாற்போல் சுழன்று காற்றை ஒரு பக்கத்திலிருந்து அள்ளி மறுபக்கம் தள்ளும். இரும்பு உலைகளில்தான் அதற்கு முதலில் நல்ல கிராக்கி. பிற்பாடு யாரோ அந்தத் துருத்தியை மோட்டார் எஞ்சின் வாயில் வைத்து ஊதிப் பார்த்தார்கள். 1921இல் மெர்சிடிஸ் கம்பெனி பெர்லின் கண்காட்சியில் அப்படிப்பட்ட கார்களை விற்பனைக்கு வைத்தது. இதுதான் சூப்பர்சார்ஜர். எஞ்சினே ஒரு பெல்ட்டின் மூலம் தன் துருத்தியைச் சுற்றிக்கொள்கிறது. அதாவது தன் பலத்தில் ஒரு பங்கைக் காற்றுக்குக் கொடுத்து அதைவிட அதிகமாகத் திருப்பி வாங்கிக்கொள்கிறது. வீணாகப் போகும் புகையைக் கொண்டு துருத்தியைச் சுற்றினால் அதற்கு டர்போ என்று பெயர். இரண்டும் ஒரே குடும்பம்.

சாதாரண எஞ்சின் கடல் மட்டத்தில் சதுர அங்குலத்துக்கு 14.7 பவுண்டு அழுத்தமுள்ள காற்றைத் தானாக இழுத்துக்கொள்கிறது. துருத்தி வைத்து அதற்குமேல் ஏழு பவுண்டு கூட்டினால், கணக்கின்படி ஏறக்குறைய ஒன்றரை மடங்கு காற்று உள்ளே போகும். இந்த மேலதிக அழுத்தத்துக்குத்தான் பூஸ்ட் என்று பெயர். (பெட்ரோல் ஒரு பங்குக்குக் காற்று எடையில் 14.7 பங்கு என்பதும் எஞ்சின் சாஸ்திரத்தில் ஒரு பெரிய எண். இரண்டு எண்ணும் ஒன்றாக அமைந்தது வெறும் தற்செயல். ஜோசியம் தெரிந்தவர்கள் இதைப் படிக்காமல் இருப்பது நல்லது.)

பூஸ்டைக் கூட்டுவது மிகவும் சுலபம். சூப்பர்சார்ஜரின் தலையில் இருக்கும் புல்லியைக் கழற்றிவிட்டு அதைவிடச் சின்னப் புல்லி ஒன்றை மாட்டினால் போதும். துருத்தி வேகமாகச் சுழலும், ஏழு பவுண்டு பத்தாகும். ஒரு முற்பகல் வேலை. அந்த முற்பகலுக்குப் பிறகு செய்ய வேண்டிய வேலையைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

ஒன்றைக் கூட்டினால் எதை எதைத் திரும்ப ஒழுங்கு செய்ய வேண்டும் என்று பாருங்கள். காற்று கூடிவிட்டதால் பெட்ரோல் கூட வேண்டும். அதுவும் பழைய விகிதத்தில் போதாது. பாரம் இழுக்கும்போது பன்னிரண்டு பங்கு காற்றுக்கு ஒரு பங்கு என்ற அளவுக்குக் கெட்டியாகக் கொடுக்க வேண்டும். மிஞ்சும் பெட்ரோல் உள்ளிருக்கும் சூட்டைத் தணிக்கும். பழைய இன்ஜெக்டரால் அவ்வளவு பீச்ச முடியாவிட்டால் பெரிய இன்ஜெக்டர் வேண்டும். நெருக்கிப் பிடித்த காற்றில் பொறி தாண்டுவது கடினம். ஆகவே ஸ்பார்க் பிளக்கின் இடைவெளியைக் குறைக்க வேண்டும். எல்லாவற்றிலும் முக்கியமானது டைமிங். பிஸ்டன் உச்சிக்கு வருவதற்குச் சற்று முன்பே பொறி விழுகிறது; நெருப்பு பரவ நேரம் வேண்டுமே, அதற்காக. பூஸ்ட் கூடினால் நெருப்பு வேகமாகப் பரவுகிறது, சூடும் அதிகம். பழைய நேரத்திலேயே பொறி விழுந்தால், நெருப்பு போய்ச் சேருவதற்கு முன்பே மூலையில் மிச்சமிருக்கும் கலவை தானாக வெடித்துவிடும். அந்த வெடியின் அதிர்ச்சி பிஸ்டன் தலையில் சுத்தியால் அடித்தது போல் விழும். மெக்கானிக்குகள் இதைத் ‘தட்டுது’ என்று சொல்கிறார்கள். படித்தவர்கள் நாக்கிங் என்கிறார்கள். தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கிய சத்தம். அதைத் தவிர்க்கப் பொறியைப் பின்னுக்குத் தள்ள வேண்டும். பவுண்டுக்கு ஒரு டிகிரி என்பது வழக்கமான தோராயக் கணக்கு. பலம் கூடக் கூடப் பொறி தாமதிக்க வேண்டும் என்பதை முதல் தடவை கேட்டபோது எனக்கு வியப்பாக இருந்தது. நம்மிடையே பலம் கூடியவர்கள் இதற்கு நேர்மாறாக நடந்துகொள்வதைப் பார்த்துப் பழகியதால் இருக்கலாம்.

நல்ல கைக்காரன் இதை எப்படிச் செய்கிறான் என்றால், முதலில் பெட்ரோலை அதிகமாகவும் டைமிங்கை மிகவும் பின்னுக்கும் வைத்துக்கொண்டு ஆரம்பிக்கிறான். எஞ்சின் சோம்பேறி போல் ஓடும். பிறகு ஒவ்வொரு டிகிரியாக முன்னே கொண்டு வருகிறான். காதை வைத்துக் கேட்கிறான். பிளக்கைக் கழற்றிப் பீங்கானைப் பூதக்கண்ணாடியால் பார்க்கிறான். மிளகுப்பொடி தூவினாற்போல் புள்ளிகள் தெரிந்தால் தட்டல் ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். கூடவே பளபளக்கும் துகள்களும் இருந்தால் அவை பிஸ்டனின் அலுமினியம். தட்டும் இடம் தெரிந்ததும் அதன் விளிம்பிலேயே நிற்பதில்லை. இரண்டு டிகிரி பின்வாங்கி நிற்கிறான். மார்கழிக் காலையில் ஒழுங்கு செய்தாலும் அக்னி நட்சத்திரத்துக்கும் சேர்த்துத்தான் கணக்குப் போடுகிறான்.

இதைக் கம்பெனிக்காரர்கள் இன்னும் விரிவாகச் செய்கிறார்கள். திருவள்ளூரில் முன்பு இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1998 முதல் மிட்சுபிஷி லான்சர் செய்த தொழிற்சாலையில் பிற்பாடு சிட்ரோன் கார்கள் செய்யத் தொடங்கினார்கள். 2022இல் அங்கிருந்து சி-3 என்ற சின்னக் கார் வந்தது. எஞ்சின் இரண்டு தினுசு, இரண்டும் 1.2 லிட்டர், மூன்று சிலிண்டர். ஊதாமல் ஓடுவது 82 குதிரைசக்தி. டர்போ வைத்தது 110. முறுக்குவிசை 115 நியூட்டன் மீட்டரிலிருந்து 190 ஆகியது. ஆனால் துருத்தியை மட்டும் ஒட்டிவிட்டு அவர்கள் கையைத் துடைத்துக்கொள்ளவில்லை. முதல் தினுசுக்கு ஐந்து கியர் பெட்டி, இரண்டாவதற்கு ஆறு கியர் கொண்ட வேறு பெட்டி. காற்றில் செய்த மாறுதல் கியர்ப் பெட்டி வரைக்கும் போய்விட்டது.

இனி பட்டறைக்கு வரலாம்.

நண்பர் ஒருவரின் கார் ஆரம்பாக்கத்துக்கு இப்பால் ரேடியேட்டர் ஒழுகி நின்றுவிட்டது. கட்டி இழுத்து வந்த இடம் அந்தப் பட்டறை. மே மாதம், பிற்பகல் இரண்டு மணி. மெக்கானிக்குக்கு ஐம்பத்தைந்து வயதுக்குமேல் இருக்கும். சோழவரத்துக்காரர். சிறு பையனாக இருந்தபோது சோழவரம் ஓடுதளத்தில் நடந்த மோட்டார்ப் பந்தயங்களில் வேலியோரம் நின்று எஞ்சின் சத்தம் கேட்டு வளர்ந்தவர். எந்தக் கார் எந்தத் திருப்பத்தில் எப்படிச் சத்தம் போட்டது என்பதை இப்போதும் வாயாலேயே செய்து காட்டினார்.

எங்களுக்கு முன்னால் ஒரு பழைய மெர்சிடிஸ் நின்றுகொண்டிருந்தது. பின்பக்கம் ‘கம்ப்ரெஸர்’ என்று எழுத்து. சூப்பர்சார்ஜர் உள்ள வண்டி என்பதற்கு அந்தக் கம்பெனி வைக்கும் அடையாளம் அது. அதன் சொந்தக்காரன் இருபத்தாறு, இருபத்தேழு வயதுப் பையன். சிப்காட்டில் நல்ல வேலை. வண்டியை இரண்டாம் கையாகவோ மூன்றாம் கையாகவோ வாங்கி, எங்கோ ஓரிடத்தில் சின்னப் புல்லி மாட்டியிருக்கிறான்.

“அண்ணே, காலையில ஜம்முனு போகுது. மத்தியானம் ஆனா செத்துப்போவுது. யாரோ பின்னாடி கயிறு கட்டி இழுக்கிற மாதிரி.”

“யாரும் இழுக்கல தம்பி. வண்டி உன்னைக் காப்பாத்துது. புல்லி மாத்தினாங்களே, மேப் எழுதினாங்களா?”

“புல்லி மட்டும் போதும்னாங்க.”

மேப் என்றால் எஞ்சினின் கம்ப்யூட்டருக்குள் இருக்கும் அட்டவணை. இன்ன அழுத்தத்தில், இன்ன சூட்டில், இவ்வளவு பெட்ரோல், இந்த நேரத்தில் பொறி என்று நூற்றுக்கணக்கான கட்டங்கள். சைக்கிள் பம்பை நாலு தரம் அடித்தால் அதன் அடிப்பக்கம் சுடுவதை யாரும் தொட்டுப் பார்த்திருக்கலாம். காற்றை நெருக்கினால் சூடேறும். நாற்பது டிகிரி வெயிலில் பத்து பவுண்டு பூஸ்ட் என்றால் துருத்தியை விட்டு வெளியே வரும் காற்று நூறு டிகிரியைத் தாண்டிவிடும். குளிர்விக்கும் இன்டர்கூலர் கொஞ்சம் தணிக்கும், முழுவதும் தணிக்காது. காற்று போகும் வழியில் சூட்டை அளக்கும் சென்சார் ஒன்று இருக்கிறது. சூடு கூடிவிட்டது என்று அது சொன்னதும் கம்ப்யூட்டர் பொறியைப் பின்னுக்குத் தள்ளிப் பலத்தைக் குறைத்துவிடுகிறது. பையனுக்கு அதுதான் கயிறு கட்டி இழுப்பதுபோல் இருந்தது.

அவன் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னப் பொருளை எடுத்தான். ரெசிஸ்டர். நெல்மணியைவிடக் கொஞ்சம் பெரிது. உடம்பில் வண்ண வண்ணமாக வரிகள். சூடு ஏற ஏறச் சென்சாரின் மின்தடை குறையும். அதை வைத்துத்தான் கம்ப்யூட்டர் சூட்டைத் தெரிந்துகொள்கிறது. சென்சாரைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் இந்த ரெசிஸ்டரை மாட்டினால், தடை எப்போதும் ஒரே அளவு; காற்று எப்போதும் குளிர்ச்சி என்று கம்ப்யூட்டர் நினைத்துக்கொள்ளும். பொறி பின்னுக்குப் போகாது. விலை இருபது ரூபாயோ என்னமோ.

மெக்கானிக் அதை வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். “கும்மிடிப்பூண்டியில மே மாசம் ரெண்டு மணி வெயில்ல நின்னுகிட்டு, வண்டிகிட்ட ‘இது கொடைக்கானல்’னு சொல்லப் போற. அதுவும் நம்பிடும். பாவம், அதுக்கு வேற யாரைத் தெரியும்?”

“மிஷின்கிட்ட பொய் சொன்னா பாவமா, அண்ணே?” என்று பையன் சிரித்தான்.

மெக்கானிக் சிரிக்கவில்லை. “பாவ புண்ணியம் எனக்குத் தெரியாது. ரெண்டு வழி சொல்றேன். பழைய புல்லியைத் திரும்ப மாட்டு. இல்ல, சென்னைக்குக் கொண்டுபோயி உருளை மேல ஓடவிட்டு புதுசா மேப் எழுதிக்க. நடுவுல இதை என் கையால மாட்ட மாட்டேன்.”

பையன் முட்டாள் அல்ல. அவனுடைய வாதத்தையும் நேர்மையாக எடுத்துச் சொல்ல வேண்டும். இதே 1796 சி.சி. எஞ்சினை அந்தக் கம்பெனியே 143 குதிரைசக்தி, 163 குதிரைசக்தி, 192 குதிரைசக்தி என்று மூன்று பெயரில் மூன்று விலையில் விற்றிருக்கிறது என்றான். இது உண்மை. “உள்ள இருக்கிற பலத்தைப் பூட்டி வெச்சு விக்கிறவன் பொய் சொல்லலையா? நான் சாவியைத் தேடறேன், அவ்வளவுதான். என் வண்டி, என் காசு, என் எஞ்சின். போனா எனக்குத்தானே போகுது?” மெக்கானிக் இதற்கு நீளமாகப் பதில் சொல்லவில்லை. “சாவி தேடு, வேணாம்னு சொல்லல. காவக்காரன் கண்ணைக் குத்தாதேன்னுதான் சொல்றேன்” என்றார். நீ மாட்டாவிட்டால் அடுத்த பட்டறைக்காரன் மாட்டுவான் என்றும் ஒரு பேச்சு வந்தது. அது எல்லாத் தொழிலிலும் எப்போதும் வரும் பேச்சு. அதில் விவாதிக்க எதுவும் இல்லை.

எங்கள் ரேடியேட்டர் தயாராகிவிட்டது, கிளம்பிவிட்டோம். ஆனால் பையன் சிரித்துக்கொண்டு கேட்ட கேள்வி என்னை விடவில்லை.

பொய் என்றால் என்ன? இல்லாததை இருப்பதாக இன்னொரு மனத்தை நம்பவைப்பது. மனமே இல்லாத இடத்தில் நம்பிக்கை இல்லை; நம்பிக்கை இல்லாத இடத்தில் பொய்யும் இல்லை. வாதம் சுத்தமாக இருக்கிறது. ஆனால் சோழவரத்துப் பழைய எஞ்சினை நினைத்துப் பாருங்கள். அந்தக் காலத்தில் பலம் வேண்டுமென்றால் ஹெட்டைச் சீவி அழுத்தத்தைக் கூட்டுவார்கள். கார்புரேட்டரில் பெரிய ஜெட் போடுவார்கள். டிஸ்ட்ரிபியூட்டரைக் கையால் திருப்பி டைமிங் வைப்பார்கள். தப்பாக வைத்தால் எஞ்சின் தட்டும், கொதிக்கும், பிடித்துக்கொண்டு நிற்கும். கார்புரேட்டரிடம் பொய் சொல்ல யாராலும் முடியாது; ஏனென்றால் அது எதையும் கேட்பதில்லை. இப்போதைய எஞ்சின் கேட்கிறது. சூடு எவ்வளவு, அழுத்தம் எவ்வளவு, தட்டுகிறதா என்று நொடிக்குப் பலமுறை கேட்டு, வந்த பதிலின்மேல் முடிவு எடுக்கிறது. மனம் இருக்கிறதோ இல்லையோ, பதிலை நம்பி நடக்கும் காரியம் அங்கே நடக்கிறது. நம்பத் தெரிந்ததைத்தானே ஏமாற்ற முடியும்?

இன்னொன்றும் தோன்றுகிறது. அந்தக் கட்டங்களை நிரப்பியது யார்? எங்கோ தூர தேசத்தில் ஒரு சோதனைச் சாலையில் ஒரு மனிதன் பல மாதம் உட்கார்ந்து எஞ்சின்களைத் தட்டவிட்டு, சில எஞ்சின்களை உடைத்தும் பார்த்து, “இவ்வளவு சூடு வந்தால் இதற்குமேல் போகாதே” என்று எழுதி வைத்திருக்கிறான். அவனுக்கு நம் பையனைத் தெரியாது, கும்மிடிப்பூண்டியைத் தெரியாது. ஆனாலும் முன்பின் தெரியாத ஒருவனுக்கு அவன் எழுதிய கடிதம்தான் அது. ரெசிஸ்டர் மாட்டுகிறவன் பேசுவது இரும்போடு அல்ல, அந்த மனிதனோடு. “அங்கே எப்படி இருக்கிறது?” என்று அவன் கேட்கிறான், “குளுகுளுவென்று இருக்கிறது” என்று இவன் பதில் எழுதுகிறான். புதிதாக மேப் எழுதுகிறவனும் அந்த மனிதனுக்கு மாறாகத்தான் நடக்கிறான். அவன் எழுதியதை அடித்து எழுதுகிறான். ஆனால் அளவுகளை மறைக்கவில்லை. “பூஸ்ட் பத்து, சூடு இவ்வளவு, ஆகவே பொறி இங்கே” என்று தன் கையெழுத்தில் எழுதுகிறான். கட்டளையை மீறுவதும் செய்தியைத் திரிப்பதும் எனக்கு ஒன்றாகப் படவில்லை.

ஒரு விஷயத்தை மறைக்காமல் ஒப்புக்கொள்ள வேண்டும். கடைகளில் பெட்டி ஒன்று விற்கிறார்கள். அழுத்தச் சென்சாருக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவே மாட்டுவது. அழுத்தம் குறைவு என்று அளவோடு பொய் சொல்லும். டர்போ எஞ்சினில் கம்ப்யூட்டர் அதை நம்பிப் பூஸ்டைக் கூட்டும். இப்படிப் பல வண்டிகள் வருஷக்கணக்காகக் கெடாமல் ஓடுகின்றன என்பதும் வாஸ்தவம். எல்லாப் பொய்யும் உடனே தண்டிக்கப்படும் என்று எழுதினால் நான் நீதிக்கதை எழுதுகிறவன் ஆகிவிடுவேன். கெடாமல் ஓடுவதற்குக் காரணம், சோதனைச் சாலை மனிதன் சில டிகிரிகளைக் கையிருப்பில் விட்டு வைத்தது. அந்தக் கையிருப்பு கோடைக்காகவும் மட்டமான பெட்ரோலுக்காகவும் மலை ஏற்றத்துக்காகவும் வைத்தது. நம் பங்குகளில் பல வருஷம் கிடைத்த சாதாரண பெட்ரோல் 91 ஆக்டேன். 100 ஆக்டேன் பெட்ரோல் இந்தியன் ஆயிலிலிருந்து 2020 டிசம்பரில்தான் வந்தது, அதுவும் எல்லாப் பங்கிலும் கிடைப்பதில்லை. சென்னையில் உயர்ந்த பெட்ரோல் போட்டு ஒழுங்கு செய்த வண்டி, இரவில் நாயுடுப்பேட்டைப் பக்கம் ஏதோ ஒரு பங்கில் கிடைத்ததைப் போட்டுக்கொண்டு வரும் நாளும் உண்டு. அன்று கையிருப்பு தேவைப்படும். அது ஏற்கெனவே செலவாகியிருக்கும்.

சோழவரத்து ஓடுதளம் பந்தயத்துக்காகப் போட்டதல்ல. இரண்டாம் உலகப் போரில் விமானங்களுக்காகப் போட்டது. 1950களிலிருந்து எண்பதுகளின் இறுதிவரை மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அதில் பந்தயம் நடத்தியது; அதற்கப்புறம் பந்தயம் இருங்காட்டுக்கோட்டைக்குப் போய்விட்டது. அந்தப் போரில் பிரிட்டிஷ் சண்டை விமானங்கள் ஸ்பிட்ஃபயரிலும் ஹரிகேனிலும் இருந்தது மெர்லின் என்ற சூப்பர்சார்ஜர் எஞ்சின். அதற்கு அனுமதிக்கப்பட்ட பூஸ்ட் ஆறேகால் பவுண்டு. 1940இல் 87 ஆக்டேன் பெட்ரோலுக்குப் பதில் 100 ஆக்டேன் வந்தது. பூஸ்ட் கட்டுப்பாட்டுக் கருவியிலும் மாறுதல் செய்து, ஆபத்து வேளையில் பன்னிரண்டு பவுண்டு வரை போகலாம் என்றார்கள். கிட்டத்தட்ட இரு மடங்கு. எதிரி பின்னால் வரும்போது விமானி அதை இழுத்துவிடுவான். ஆனால் ஐந்து நிமிஷத்துக்குமேல் கூடாது. தரை இறங்கியதும் இழுத்ததைச் சொல்லியாக வேண்டும், அது எஞ்சினின் குறிப்புப் புத்தகத்தில் ஏற வேண்டும்.

இருபத்திரண்டு வயது விமானிக்கு உயிர் போகிற சமயம். எல்லையை மீறாதே என்று யாரும் அவனிடம் சொல்லவில்லை. மீறியதை எழுது என்றுதான் சொன்னார்கள். ஏனென்றால் மறுநாள் காலையில் அதே விமானத்தில் வேறொருவன் ஏறுவான். கீழே இருக்கும் மெக்கானிக் அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டுத்தான் எதைக் கழற்றிப் பார்ப்பது என்று தீர்மானிப்பான். நம் பையனின் “என் எஞ்சின், போனா எனக்குத்தானே” என்ற வாதத்துக்கு எனக்குத் தெரிந்த பதில் இதில்தான் இருக்கிறது. எந்த எஞ்சினும் முழுக்க ஒருவனுடையதாக இருப்பதில்லை. நூற்றிருபது கிலோமீட்டர் வேகத்தில் பிஸ்டன் ஓட்டையாகி எண்ணெய் சிந்தினால், பின்னால் வருகிறவனுடைய மோட்டார் சைக்கிளும் அந்தக் கணக்கில் சேர்ந்துகொள்கிறது. அது கல்கத்தா போகும் லாரிகள் இரவு பகலாக உருளும் சாலை. வள்ளுவர் வைத்த நிபந்தனையை இங்கே பொருத்திப் பார்த்தால், நன்மை என்னவோ பிற்பகல் நேரத்தில் கொஞ்சம் வேகம். குற்றம் கலவாதது என்று அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பசுவின் முன் நிறுத்திய வைக்கோல் கன்றுக்காவது, பால் குடிக்க வீட்டில் ஒரு குழந்தை இருக்கலாம்.

இதில் பெரிய கம்பெனிகள் நமக்கு உபதேசம் செய்யும் நிலையில் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2015இல் அமெரிக்காவில் வோக்ஸ்வாகன் கம்பெனி அகப்பட்டுக்கொண்டது. புகைச் சோதனை நடக்கிறது என்று கம்ப்யூட்டரே மோப்பம் பிடித்து, அப்போது மட்டும் யோக்கியமாக ஓடும்படி எழுதி வைத்திருந்தார்கள். உலகம் முழுவதும் சுமார் ஒரு கோடியே பத்து லட்சம் டீசல் கார்கள். அங்கே இயந்திரம் மனிதனிடம் பொய் சொன்னது. இங்கே மனிதன் இயந்திரத்திடம் சொல்கிறான். முதலாவதற்கு வழக்கும் அபராதமும் உண்டு. இரண்டாவது ஒரு சாமர்த்தியமாக, நண்பர்களுக்குள் சொல்லிப் பெருமைப்படும் காரியமாக இருக்கிறது. ஆனால் முதலாவதைச் செய்தவர்களும் ஒரு காலத்தில் சட்டைப் பையில் ரெசிஸ்டரோடு திரிந்த பையன்களாக இருந்திருப்பார்கள் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

சட்டம் இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறது. 1988ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி, கம்பெனி குறிப்பிட்டு ஆர்.சி.யில் ஏறிய விவரங்களுக்கு மாறாக வண்டியைத் திருத்தக் கூடாது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதி செய்தது. அப்படிப் பார்த்தால் சின்னப் புல்லியே சிக்கல்தான். மேப்பைத் திருத்தி எழுதுவதும் அதில் அகப்படும். மெக்கானிக் சொன்ன இரண்டு வழிகளில் பழைய புல்லிதான் சட்டத்துக்கு முழுக்கச் சம்மதம். பந்தயத் தளத்துக்குள் மட்டும் ஓடும் வண்டியின் கதை வேறு. ஆனால் சட்டம் திருத்தியவனையும் திரித்தவனையும் ஒரே கூண்டில் நிறுத்துகிறது. அதன் பார்வைக்கு வேறு வழி இல்லை. திருத்தியதை எழுதினால் அகப்படுவான். ஆகவே இருவருமே எதையும் எழுதுவதில்லை. மெர்லின் எஞ்சினின் குறிப்புப் புத்தகத்துக்கு நம் சாலைகளில் இடம் இல்லாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆர்.சி.யில் எஞ்சின் நம்பருக்கு இடம் இருக்கிறது, கன அளவுக்கு இருக்கிறது, குதிரைசக்திக்கு இருக்கிறது. சொந்தக்காரர் எத்தனையாவது கை என்பதற்குக்கூட இருக்கிறது. பூஸ்டுக்குக் கட்டம் இல்லை. அந்த மெர்சிடிஸை இன்னும் ஒன்றிரண்டு வருஷத்தில் பையன் விற்றுவிடுவான். அந்த வயதில் யாரும் ஒரே வண்டியை வைத்திருப்பதில்லை. வாங்குகிறவர் குடும்பஸ்தராக இருப்பார். தெரிந்த மெக்கானிக் ஒருவரைக் கூட்டிவருவார். அவர் எண்ணெயைத் தொட்டுப் பார்ப்பார், புகையைப் பார்ப்பார், வண்டியை நெடுஞ்சாலையில் ஒரு சுற்று ஓட்டிப் பார்ப்பார். பேரம் நடக்கும் நாள் ஒரு கார்த்திகை மாதத்துக் காலை நேரமாக, மழை பெய்து விட்ட வேளையாக இருந்துவிட்டால் போதும். காற்று உண்மையிலேயே குளிர்ந்திருக்கும், அன்றைக்கு ரெசிஸ்டர் சொல்வதும் மெய்யாகவே இருக்கும், எஞ்சின் தட்டாது.